இருக்கையில் ஆள் இல்லை

தொண்ணூறு கிலோமீட்டர் சரளைச் சாலை.
மடிக்கணினிக்கும் பெல்ட் போட்டிருந்தேன்.
போடாவிட்டால் என் வண்டி கத்தும்,
பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருப்பதாக நினைத்து.

சஸ்காட்செவனில் செப்டம்பர்.
மேற்கு வானம் கன்றிப்போன தோல் நிறம்.
முந்நூறு ஏக்கர் பருப்பு
காய்ந்து கலகலத்து நிற்கிறது.
ஒரு மழை போதும்,
மாட்டுக்குத்தான் போடவேண்டும் பிறகு.

வயல் நடுவே வீடு போல நின்றது
போன வருஷம் நாங்கள் விற்ற அறுவடை இயந்திரம்.
அதன் ஏணியில் உட்கார்ந்து
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்
ஒரீஸ்யா ஹ்னாட்டியுக்.
"உங்க பெட்டி என்னை இல்லேங்குது" என்றாள்.

திரையில் அதுதான் இருந்தது:
இருக்கையில் ஆள் இல்லை.
வெட்டுப்பகுதி நிறுத்தப்பட்டது.

நான் ஏறி உட்கார்ந்தேன். ஓடியது.
அவள் உட்கார்ந்தாள். பத்து விநாடி, நின்றது.
நான். ஓடியது.
அவள்.
ஒயரைப் பார்த்தேன், இணைப்பைப் பார்த்தேன்,
இருக்கையைத் தூக்கி அடியில் பார்த்தேன்.
கடைசியாகத்தான் அவளைப் பார்த்தேன்.

இடுப்பு வாரில் ஆணியால் குத்திய
மூன்று புதுத் துளைகள்.
தொப்பிக்குக் கீழே
முடி இப்போதுதான் அரும்பும் பிடரி.
"நாப்பத்து மூணு" என்றாள், நான் கேட்கவேயில்லை.
"ஏப்ரல்ல அறுபத்தொண்ணு."

இருக்கைக்கு நாற்பத்தைந்து வேண்டும்.
அந்த எண் என் கணினியில் தெரிகிறது.
மாற்ற நிறுவனத்தின் அனுமதி வேண்டும்,
அனுமதிக்கு சிக்னல் வேண்டும்,
சிக்னலுக்குத் தானியக் குதிரின் உச்சிக்கு ஏறவேண்டும்,
ஏறினேன்,
அங்கே காற்று மட்டும் இருந்தது.

மேலிருந்து பார்த்தால் கொட்டகைக்குள்
அறுபத்தேழாம் வருஷத்து டிராக்டர்.
சாவி தொலைந்து பல காலம்,
ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும், உறுமும்.
இறங்கி வந்து சொன்னேன், சும்மா பேச்சுக்குத்தான்,
"அந்தக் கால வண்டி இப்படியெல்லாம் கேள்வி கேட்காது."

விதைத்தோலைத் துப்பினாள்.
"கேக்காது. யாரெமாவோட கையையும் கேக்கல.
சட்டைக் கை ஷாஃப்டுல மாட்டிச்சு.
நான் சமையலறையிலிருந்து ஓடி வந்து
நிறுத்துற வரைக்கும்
அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருந்தது.
நல்ல வண்டி. இன்னிக்கும் ஒரே உதைல கிளம்பும்."

அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.
போய், பத்துக் கிலோ விதை மூட்டை ஒன்றைத்
தோளில் போட்டு வந்தாள்.

எனக்குத் தெரிந்த வித்தைதான் அது.
எத்தனை வயல்களில் பார்த்திருக்கிறேன்,
இருக்கையில் உப்பு மூட்டை உட்கார்ந்திருக்கும்,
பாறாங்கல் உட்கார்ந்திருக்கும்,
ஓட்டுநர் கீழே இறங்கி
ஓடும் பற்களுக்கிடையே கைவிட்டுக்கொண்டிருப்பான்.
இரண்டு லட்சம் டாலர் கணினியை
ஒரு கல்லால் அறுபத்தேழுக்கு அனுப்பிவிடலாம்.
பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் மூட்டையை இருக்கையில் வைக்கவில்லை.
வைக்கோல் கட்டும் கயிற்றால்
வயிற்றோடு சேர்த்து, இரண்டு சுற்று,
முதுகில் முடிச்சு.
ஏழு மாதக்காரி போல மூச்சு வாங்கி ஏறினாள்.

உட்கார்ந்தாள்.
திரை கொஞ்சம் யோசித்தது.
ஓடியது.

எழுந்தாள். மூட்டையும் எழுந்தது.
எல்லாம் நின்றது, பற்கள், பட்டை, இரைச்சல்.
உட்கார்ந்தாள். ஓடியது.
இன்னொரு முறை எழுந்தாள்.
நின்றது.
"சரி" என்றாள்.
என்னிடம் இல்லை.

வண்டியில் உட்கார்ந்து படிவம் நிரப்பினேன்.
பழுதின் காரணம்: பட்டியலில் பதினேழு.
எதையும் தொடாமல், குறிப்பில் எழுதினேன்,
இருக்கை சரியாக இருக்கிறது. ஆளும் இருக்கிறாள்.
மேலாளர் திருப்பி அனுப்புவார், தெளிவில்லை என்று.

இருட்டிவிட்டது கிளம்பும்போது.
பிரதான சாலையைத் தொடும் முன்பே
வைப்பர் தானாக ஒருமுறை அசைந்தது,
என் கண்ணுக்கு இன்னும் படாத
ஏதோ ஒரு துளிக்காக.
வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன்.
தூரத்தில் அவள் விளக்குகள்
வயலின் ஓரத்துக்குப் போய்
மெதுவாகத் திரும்பின,
அடுத்த வரிசைக்கு.